தில்லியில் அரசு வீடமைப்பு: நிலமும் பொறுப்பும்

தில்லியில் ஏழையருக்கு வீடு கட்டித் தரும் கடமை எத்துறையைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. நிலம் ஓரிடத்தும், கட்டுமானம் வேறோரிடத்தும், பயனாளிகளைத் தெரிவு செய்யும் பணி மற்றோரிடத்தும் பிரிந்து கிடக்கின்றன. இப்பிரிவினை ஒருநாளில் வகுக்கப்பட்டதன்று. பல சட்டங்களின் வழி சிறிது சிறிதாக உருவானது.

பழைய நகரின் நெரிசலைக் குறைக்க 1937இல் ஆங்கில அரசு தில்லி மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. நாட்டுப் பிரிவினையால் வந்த ஏதிலியருக்கான குடியிருப்புகளை மறுவாழ்வு அமைச்சகமும், அரசு ஊழியர் குடியிருப்புகளை மத்தியப் பொதுப்பணித்துறையும் கவனித்தன. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தில்லி வளர்ச்சி ஆணையம் அறக்கட்டளையின் இடத்தைப் பெற்றது. பேரளவில் கையகப்படுத்தப்பட்ட நிலம் 1961க்குப் பின் அதன் பொறுப்பில் வைக்கப்பட்டது. குடிசைப் பகுதிகளுக்கான பிரிவோ மாநகராட்சிக்கும் ஆணையத்துக்கும் இடையே பன்முறை கைமாறி, 1992இல் மீண்டும் மாநகராட்சியை அடைந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தில்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியம் என்னும் தனியமைப்பு உருப்பெற்றது.

வாரியம் தில்லி அரசைச் சார்ந்தது. ஆயின், 1991ஆம் ஆண்டின் 69ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தில்லிக்குச் சட்டமன்றத்தை வழங்கியபோதே நிலம், காவல், பொது ஒழுங்கு ஆகியவற்றை அதன் அதிகார எல்லைக்கு அப்பால் நிறுத்தியது. குடிசைகள் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி வளர்ச்சி ஆணையம், இரயில்வே முதலிய மத்திய அமைப்புகளுக்கு உரியது. மறுகுடியமர்த்தும் அமைப்புக்கு நிலமில்லை. நிலமுடைய அமைப்புக்கு மறுகுடியமர்த்தல் முதன்மைப் பணியன்று. சிக்கலின் வேர் இதுவே எனலாம்.

2015ஆம் ஆண்டு மறுகுடியமர்த்தல் கொள்கை இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. மத்திய அமைப்புகள் தம் நிலத்துக் குடியிருப்புகளைத் தாமே மறுகுடியமர்த்தலாம், அல்லது அப்பணியை வாரியத்திடம் ஒப்படைக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் இரயில்வே நிர்வாகம் சகூர் பஸ்தி குடிசைகளை அகற்றியது. அதன் தொடர்பான வழக்கில் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்த தில்லி உயர்நீதிமன்றம், முன்கூட்டிய கணக்கெடுப்பும் குடியிருப்போருடன் கலந்தாய்வும் இன்றி அவர்களை வெளியேற்றலாகாது என வலியுறுத்தியது. இரயில்வே நிலம் என்பது விலக்காக ஏற்கப்படவில்லை.

2005இல் தொடங்கிய நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் நரேலா, பவானா போன்ற புறநகர்ப் பகுதிகளில் எழுந்த பல்லாயிரம் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. வீடு இல்லாமையைவிட, இருந்தும் வழங்கப்படாமையே துறைப் பிளவின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்த சங்புரா மதராசி முகாமின் வரலாறும் இவ்வழியிலேயே சென்றது. பாராபுல்லா வடிகாலின் அடைப்பை நீக்குவதற்காக உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அம்முகாமை அகற்ற ஆணையிட்டது. துறைகள் பலவற்றுக்கும் உரிய பணிகளையும் நீதிமன்றமே பிரித்தளிக்க நேர்ந்தது. ஜூன் 1 அன்று முகாம் இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 குடும்பங்களுள் 189 மட்டுமே நரேலா வீடுகளுக்குத் தகுதியுடையன என அப்போது கணக்கிடப்பட்டன. சங்புராவைச் சுற்றிய வீடுகளில் பணிசெய்து பிழைத்த பெண்களுக்கு நரேலா நகரின் மறுகோடி; எஞ்சிய குடும்பங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.