ஒரே நாளில் மூன்று மரணங்கள்



"வரலாற்றில் இன்று" என்றொரு பகுதி பத்திரிகைகளிலும் வானொலியிலும் இடம்பெறுவதை நீங்கள் அறிவீர்கள். ஒரு திகதியை எடுத்துக்கொண்டு, அந்தத் திகதியில் எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார், இந்தப் படம் திரைக்கு வந்தது, அந்தப் பிரதமர் பதவி விலகினார் என்று பட்டியல் நீளும். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கும். ஆயினும் அத்தகைய பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கொரு கேள்வி எழுவதுண்டு. இன்று ஒரே வரிசையில் சமமாக நிற்கின்ற இந்தச் சம்பவங்கள், நடந்த அன்றைக்கும் இப்படித்தான் சமமாக நின்றனவா?

இந்தக் கேள்வியை ஆராய நவம்பர் 22ஆந் திகதியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை புனித சிசிலியாவை நினைவுகூரும் நாள் இது. மட்டக்களப்பு நேயர்களுக்கு அங்குள்ள பெண்கள் பாடசாலையின் பெயரால் இவர் நன்கு அறிமுகமானவர். இசைக் கலைஞர்களின் பாதுகாவலியாக மேலைத்தேயத்தார் இவரைப் போற்றுவர். 1739ஆம் ஆண்டு இதே நாளில் லண்டனில் ஹென்டல் என்ற இசை மேதை, கவிஞர் டிரைடனின் பாடலுக்கு இசை வகுத்துப் புனித சிசிலியாவுக்குக் காணிக்கையாக அரங்கேற்றினார். 1913இல் இந்த நாளில் பிறந்த பெஞ்சமின் பிரிட்டன், பின்னாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவரானார். 1928இல் ராவெலின் "பொலேரோ" பாரிஸ் ஒப்பரா அரங்கில் ஒரு நடன நிகழ்ச்சிக்கான இசையாக முதன்முதலில் ஒலித்ததும் இந்நாளிலேயே. 1968இல் பீற்றில்ஸ் குழுவினர் வெறும் வெள்ளை அட்டையிட்ட இரட்டை இசைத்தட்டை வெளியிட்டனர். 1990இல் பதினோராண்டு ஆட்சிக்குப் பின்னர் மார்கிரட் தட்சர் தாம் விலகுவதாக அறிவித்தார். 1995இல் முற்றுமுழுதாகக் கணினியால் வரையப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படமான "டோய் ஸ்டோரி" அமெரிக்காவில் திரைக்கு வந்தது.

இவ்வளவும் நடந்திருந்தும், நவம்பர் 22 என்றதும் உலகம் நினைவுகொள்வது ஒரேயொரு சம்பவத்தைத்தான். 1963ஆம் ஆண்டு அந்த வெள்ளிக்கிழமையில், டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில், திறந்த காரில் சென்றுகொண்டிருந்த ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி சுடப்பட்டார். அங்கே நேரம் பகல் பன்னிரண்டரை. பிற்பகல் ஒரு மணிக்கு அவர் இறந்துவிட்டதாக வைத்தியர்கள் அறிவித்தனர். அவருக்கு வயது 46.

அதே நாளில் ஆங்கில இலக்கியத்தின் இரு பெரும் எழுத்தாளர்களும் மறைந்தனர் என்பதைப் பலர் அறியார்.

ஒருவர் சி. எஸ். லூயிஸ். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் பிறந்து, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேரறிஞர். நார்னியா என்னும் கற்பனை உலகை ஏழு நூல்களில் சிறுவர்களுக்குப் படைத்துக் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1944 வரை பி.பி.சி. வானொலியில் இவர் நிகழ்த்திய சமயச் சொற்பொழிவுகளைக் குண்டுவீச்சுக்கு அஞ்சியிருந்த மக்கள் வீடுகளிலிருந்து கேட்டனர். எம்மைப் போன்ற வானொலிக்காரருக்கு அவர் ஒருவகையில் உறவினர் என்றே சொல்லவேண்டும். தமது அறுபத்தைந்தாவது பிறந்த தினத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒக்ஸ்போர்ட் வீட்டில் மாலை ஐந்தரை மணியளவில் அவர் உயிர் பிரிந்தது. நண்பர்கள் அவரை "ஜக்" என்றே அழைப்பர். கென்னடியையும் அவருக்கு வேண்டியவர்கள் "ஜக்" என்றே அழைத்தனர்.

மற்றவர் அல்டஸ் ஹக்ஸ்லி. 1932இல் வெளிவந்த "பிரேவ் நியூ வேர்ல்ட்" என்ற நாவலின் ஆசிரியர். மக்களை அடித்து ஒடுக்காமல், கேளிக்கையிலும் இன்பத்திலும் மயக்கி வைத்தே ஆளுகின்ற ஓர் எதிர்கால அரசை அதில் அவர் சித்திரித்தார். கவலை வந்தால் விழுங்குவதற்கு "சோமா" என்னும் மாத்திரை. பொழுதைப் போக்கத் தொட்டுணரும் திரைப்படங்கள். சிந்திப்பதற்கு மட்டும் அங்கே எவருக்கும் நேரமில்லை. புற்றுநோயால் நெடுநாள் வருந்திய ஹக்ஸ்லி, தமது 69ஆவது வயதில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அன்று மாலை காலமானார். அவர் இறந்துகொண்டிருந்த வேளையில் அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர்கள் டலஸ் செய்தியில் ஆழ்ந்திருந்தனர். இதனை அவருடைய மனைவியே பின்னர் எழுதினார். உலகம் திரைக்கு முன்னால் அமர்ந்துவிடும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்த மனிதரின் மரணப்படுக்கைக்கு அருகிலும் ஒரு திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு கணக்கையும் பார்த்துவிடுவோம். மூவரும் ஒரே நாளில் இறந்தனர் என்கிறோம். ஆனால் யாருடைய நாள் அது? டலஸில் பகல் பன்னிரண்டரை மணியானபோது இலங்கையில் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. கென்னடி சுடப்பட்ட அந்தக் கணத்திலேயே எமது நாட்காட்டியில் 23ஆந் திகதி பிறந்தது. எமது கடிகாரப்படி லூயிஸ் வெள்ளி இரவு பதினொரு மணியளவில் இறந்தார். கென்னடி சனிக்கிழமை பிறந்து அரை மணித்தியாலத்தில் இறந்தார். ஹக்ஸ்லி சனி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் இறந்தார். ஏறத்தாழ எட்டு மணித்தியாலத்துக்குள் நிகழ்ந்த மூன்று மரணங்களை ஒரே திகதியில் சேர்த்துக் கட்டியது அவரவர் ஊர்க் கடிகாரம். நாள் என்று நாம் சொல்வதே மனிதர் போட்ட ஒரு கோடுதான். அந்தக் கோட்டுக்குள் எது முதலிடம் பெறவேண்டும் என்பதும் மனிதர் செய்த தீர்மானமே.

அன்றைய தீர்மானத்தில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிற்பகல் நாடகமொன்று ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, சீ.பீ.எஸ். நிறுவனம் அதனை இடைநிறுத்தியது. செய்தியாளர் வோல்ட்டர் குரோன்கைற்றின் குரல் கேட்டது. முகம் தெரியவில்லை. அக்காலத்துக் கமராக்கள் சூடேறி ஆயத்தமாகச் சற்று நேரம் பிடிக்கும். ஆதலால் தொலைக்காட்சியே அந்தச் சில நிமிடங்கள் வானொலியாக மாறி நின்றது. அதன் பின்னர் நான்கு நாட்கள், கென்னடியின் இறுதிச் சடங்கு முடியும்வரை, பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்றும் கேளிக்கை நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் கைவிட்டன. பத்திரிகைகளின் முதற்பக்கங்களில் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. லூயிசும் ஹக்ஸ்லியும் உட்பக்கங்களில் ஒதுங்கிக்கொண்டனர். கென்னடியின் இறுதி ஊர்வலத்துக்கு மறுநாள், நவம்பர் 26ஆந் திகதி, ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய தேவாலயத்தில் ஒரு சிலர் மட்டும் கூடி லூயிசை நல்லடக்கம் செய்தனர்.

பத்திரிகை ஆசிரியர்களை நான் இதற்காகக் குறைகூற மாட்டேன். ஒரு நாட்டின் தலைவர் பட்டப்பகலில் கொல்லப்பட்ட செய்திக்கு முன்னால் வேறெதனை வைக்கமுடியும்? அவர்கள் செய்தது சரிதான். ஆனால் முதற்பக்கம் ஒரு நாளின் அளவுகோல் மட்டுமே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்று எது பெரிது என்பதை அது சொல்லும். எது நிலைக்கும் என்பதைச் சொல்ல அதனால் இயலாது.

இதற்கு அந்த நாளே இன்னுமொரு சான்று தருகின்றது. இங்கிலாந்தில் பீற்றில்ஸ் குழுவின் இரண்டாவது நெடுந்தட்டு வெளியானதும் அன்றுதான். அந்த இளைஞர்களைப் பற்றிய ஒரு செய்தித் தொகுப்பைச் சீ.பீ.எஸ். அன்று காலை ஒளிபரப்பியிருந்தது. மாலைச் செய்தியில் அதனை மீண்டும் காட்டுவதாக இருந்தார்கள். டலஸ் செய்தி வந்ததும் அது கிடப்பில் போடப்பட்டது. துயரம் சற்றுத் தணிந்த பின்னர், டிசம்பர் 10ஆந் திகதி, குரோன்கைற் அதனை எடுத்து ஒளிபரப்பினார். அதைக் கண்ட மேரிலன்ட் மாநிலத்துச் சிறுமி ஒருத்தி, இந்தப் பாட்டுகளை ஏன் இங்கே போடுவதில்லை என்று கேட்டு வாஷிங்டன் வானொலி நிலையமொன்றுக்குக் கடிதம் எழுதினாள். விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் இங்கிலாந்திலிருந்து ஓர் இசைத்தட்டு தருவிக்கப்பட்டு ஒலிபரப்பானது. கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டனர். ஜனவரியில் வெளிவரவிருந்த அந்தத் தட்டு டிசம்பர் 26ஆந் திகதியே அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. 1964 பெப்ரவரி 9ஆந் திகதி அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது பார்த்தவர்கள் ஏழு கோடியே முப்பது இலட்சம் பேர். நவம்பர் 22ஆந் திகதி மாலை கைவிடப்பட்ட ஒரு சிறு செய்தி அது.

அன்று இசை என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும், புனித சிசிலியாவின் நாளல்லவா! பொஸ்டன் நகரின் சிம்பொனி வாத்தியக் குழு அன்று பிற்பகல் ஒரு கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது. நடத்துநர் எரிக் லைன்ஸ்டோர்ப் சபையோரை நோக்கி ஜனாதிபதி கொல்லப்பட்ட செய்தியைச் சொன்னார். அரங்கிலிருந்து ஒரே மூச்சாக எழுந்த அந்தத் திகைப்பொலி வானொலிப் பதிவில் இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. பின்னர் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இசையை அவர்கள் வாசித்தனர். பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியில் வரும் இறுதியாத்திரை இசை அது. ஆறுதல் சொல்ல அந்தக் கணத்தில் அவர்களிடம் வேறு மொழி இருக்கவில்லை.

மறுவருடம் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி என்ற பெரும் இசையமைப்பாளர் கென்னடிக்கு ஓர் இரங்கலிசை இயற்றினார். தமது நெருங்கிய நண்பரான ஹக்ஸ்லியின் நினைவுக்கும் அதே ஆண்டில் ஓர் இசையைக் காணிக்கையாக்கினார். முதற்பக்கத்தில் அருகருகே இடம்பெறாத இருவருக்கும் ஒரே கலைஞரின் மேசையில் இடம் கிடைத்தது. லூயிசுக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பர் 22ஆந் திகதி, லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் கவிஞர்களுக்குரிய பகுதியில் அவருக்கு ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

எம்முடைய இசையுலகிலும் இந்தத் திகதிக்கு ஒரு துயரம் உண்டு. 2016 நவம்பர் 22ஆந் திகதி சென்னையில் எம். பாலமுரளிகிருஷ்ணா தமது 86ஆவது வயதில் மறைந்தார். அன்றைய தமிழகத்துச் செய்தி என்ன? மூன்று தொகுதிகளின் தேர்தல் முடிவுகள் வெளியான நாள் அது. முதலமைச்சர் வைத்தியசாலையில் இருந்தார். செல்லாதென்று அறிவிக்கப்பட்ட நாணயத்தாள்களை மாற்ற மக்கள் வங்கி வாசல்களில் நின்றனர். பாலமுரளியின் மறைவு செய்தியாகாமல் போகவில்லை, மதிப்போடுதான் எழுதினார்கள். எனினும் அந்த மூன்று தொகுதிகளில் யார் வென்றார் என்று இன்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? பாலமுரளியின் குரலையோ இரண்டு விநாடி கேட்டாலே இனங்கண்டு விடுவார்கள்.

நேயர்களே, இந்தக் கதையை நான் விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. எமது போர்க்காலப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில், பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளுக்குரிய கோடுபோட்ட தாளில்கூடப் பத்திரிகை அச்சிட நேர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் இடம் தேடவேண்டிய நிலை. அந்த நாட்களிலும் எமது நாட்டில் கவிஞர்கள் இறந்தார்கள், கூத்துக் கலைஞர்கள் இறந்தார்கள், நாதஸ்வர வித்துவான்கள் இறந்தார்கள். பலருக்கு நான்கு வரிதான் கிடைத்தது, சிலருக்கு அதுவுமில்லை. அவர்களுக்கு ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்களும் இல்லை, ஐம்பது ஆண்டு கழித்துக் கல் பதிக்கப் பேராலயமும் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் அண்ணாவியார் ஒருவரை, மேளகாரர் ஒருவரை, பத்திரிகையில் இரண்டு கதைகள் எழுதிவிட்டு மறைந்த ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த திகதியையும் மறைந்த திகதியையும் விசாரித்து, அவர் செய்த காரியங்களோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த நாளின் பெரிய செய்தி எதுவென்று பார்க்கவேண்டாம். அதனைப் பாதுகாக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

"திருவிளையாடல்" படத்தில் ஹேமநாத பாகவதருக்காகப் பாலமுரளி பாடிய பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளின் அளவைப் பற்றிய கேள்வியோடுதான் அந்தப் பாட்டு தொடங்குகிறது. வருகின்ற நவம்பர் 22ஆந் திகதி அதனை ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.