லயத்துக் கோழியும் பதினாறில் ஒரு பங்கு நிலமும்

மலாயாவில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் கப்பலில் தொடங்குவர். கங்காணியையும் துரையையும் பால்மரத்தையும் சொல்லிக் கள்ளுக்கடையில் வந்து நிற்பர். லயத்தின் பின்புறத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. கூலிக் கணக்கு ஏடுகளில் இருக்கிறது; கோழிக் கணக்கு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் மனத்தில் மட்டுமே இருந்தது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் தமிழ்க் குடும்பம் எதை உண்டது, எதைச் சேமித்தது, எந்த நிலத்தைத் தன்னுடையது என்று எண்ணிற்று என்பனவற்றை அறிய அந்தக் கோழியைப் பின்தொடர்வதே நேர்வழி என்று கருதுகிறேன்.

தமிழர்க்குக் கோழி புதிதன்று. 'அளகு' என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது என்று மரபியலில் வரையறுத்த தொல்காப்பியர், மயிலுக்கும் அது பொருந்தும் என இசைவு தருகிறார். உலரப் போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியின்மேல் காதணியைக் கழற்றி எறிந்த மகளிரைப் பட்டினப்பாலை காட்டும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139ஆம் பாட்டோ இவற்றினும் நுட்பமானது. மாலையில் வேலியோரம் வெருகு வந்ததைக் கண்டு, மனையில் வாழும் பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்தத் துன்பக் குரலை ஊராரின் அம்பலுக்கு உவமையாக்குகிறார் புலவர். கோழி வளர்த்தவர்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது. கிள்ளானில் வெருகின் இடத்தை மூசாங் என்னும் மரநாயும் உடும்பும் எடுத்துக்கொண்டன. அந்தி சாயும் வேளையில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைக்கும் கவலை மட்டும் அப்படியே கப்பலேறி வந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. நம்மவர் கோழியின் பழைய தாயகத்தின் பக்கமே வந்து சேர்ந்தனர். வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழியே என்பதும், அதிலும் பர்மா, தாய்லாந்து, தென்மேற்குச் சீனம் ஆகிய பகுதிகளின் கிளையே என்பதும் 2020இல் வெளியான மரபணு ஆய்வின் முடிவு. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளே இதுவரை உறுதியாக அறியப்பட்டவற்றுள் மிகப் பழமையான வீட்டுக் கோழி எலும்புகள் என்று 2022இல் அறிஞர் எழுதினர். அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தை நாடிக் காட்டுக்கோழி வந்தது என்பது அவர்கள் கருத்து. ஆனால் நம் நாடும் இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு செங்காட்டுக்கோழியினுடையது அன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் கண்டறிந்தனர். சந்தையில் மஞ்சட்காற் கோழியைத் தேடி வாங்குவோர் இதனை அறிந்திருப்பரோ, என்னவோ!

இனித் தோட்டத்திற்கு வருவோம். கூட்டரசு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை வளர்க்கவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. நம் ஊர்க் கணக்கில் அஃது ஆறேகால் சென்ட். ஏறக்குறைய 2,700 சதுர அடி. சட்டத்தில் எழுதியது எல்லாத் தோட்டங்களிலும் ஒருபடித்தாய் நடந்தது என்று கொள்வதற்கில்லை. கொடுக்கப்பட்ட இடத்திலும் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை உள்ளவரை பயன்படுத்தும் இசைவு மட்டுமே. வேலை போனால் முருங்கையும் வாழையும் அங்கேயே நிற்கும். கோழியை மட்டும் கூடையில் போட்டுக் கொண்டுபோகலாம்.

இங்கேதான் கோழியின் சிறப்பு விளங்குகிறது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி, உலகப் பொருளாதார மந்தத்தில் 1930இல் 40, 32 எனக் குறைந்தது. அந்தக் கூலியும் பெரும்பாலும் கடைக்கடனுக்கே போயிற்று. கங்காணியின் ஏட்டிலும் கடைக்காரர் ஏட்டிலும் ஏறாத ஒரே செல்வம் பின்புறத்துக் கோழி. அது பெண்ணின் கையில் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்குமேல் திரும்பியவள், பிற்பகலில் அடைக்கோழியைக் கவனித்தாள். பத்துப் பன்னிரண்டு முட்டை, இருபத்தொரு நாள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடை வைப்போர் உண்டு. இடிக்கு முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போடுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் எப்போதோ இடிக்கும் கோடை இடிக்கு ஏற்பட்ட இவ்வழக்கத்திற்கு, பிற்பகல்தோறும் இடி முழங்கும் கிள்ளானில் ஓய்வே இருந்திராது. குறுணையும் தேங்காய்த் துருவல் மிச்சமும் கறையானுமே தீனி. ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டை. அதில் கறிக்குப் போனது குறைவு, குஞ்சுக்கும் விற்பனைக்கும் போனதே மிகுதி.

கோழி வளர்த்தவர் நாள்தோறும் கோழி தின்றார் என்று எண்ணிவிடலாகாது. நாட்சோற்றுக்குக் கருவாடும் பருப்புமே துணை. தீபாவளிக்கு ஒன்று; பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறாக ஒன்று; தோட்டத்து எல்லையில் நின்ற முனியாண்டிக்கு ஒரு சேவல்; விருந்தாளிக்கு ஒன்று. இந்த விருந்தாளி பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதனை முன்னணியில் கொண்ட இயக்கம் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டும் இல்லை; உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வரவேண்டும் என்பதும் ஒன்று. வந்தவருக்குக் கோழி அடித்துச் சோறு போடுவது நம் முறை. வருவதற்கே துரையின் இசைவு வேண்டும் என்றால் அந்தக் கோழி யாருக்கு? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

பிரிக்பீல்ட்ஸின் கதை வேறு. இரயில்வே ஊழியர்க்கென வரிசையாகக் கட்டிய வீடுகளில் நம்மவரும் யாழ்ப்பாணத்தவரும் வாழ்ந்தனர்; மாதச் சம்பளமும் சந்தையும் அருகிருந்தமையின் அங்கே கோழி பெரும்பாலும் விலைப்பொருளே. அவ்வரிசைகளுள் புகழ்பெற்ற 'நூறு குவார்ட்டர்ஸ்' இன்று இல்லை. 1942இல் சப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தபின் அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவான மூன்றரை ஆண்டுகளில், குறுணை கோழிக்கில்லை, மனிதர்க்கே இல்லை.

பசியைக் காட்டிலும் பெரும் பகை ஒன்று உண்டு. அது வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டு இந்தியாவில் ராணிக்கேத்தில் தோன்றி அவ்வூர்ப் பெயரையும் பெற்றது. காலையில் தலை தொங்கும்; சில நாளில் கூடே வெறுமையாகும். தடுப்பூசி இருந்தும் வீட்டுக் கோழிக்கு எட்டவில்லை. அதைக் குளிரில் காக்க வேண்டும். மரத்தில் அடையும் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடவும் வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்க முனைந்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருந்தனர். செர்டாங்கில் அன்று வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிருந்த, இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் கழகத்தில், அய்னி இட்ரிஸ் முதலியோர் ஆஸ்திரேலிய அறிஞர் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து 1980களில் வெப்பம் தாங்கும் வி-4 தடுப்பு மருந்தை உருவாக்கினர். தீனியில் கலந்து தூவினால் போதும். கோழி தானே கொத்திக்கொள்ளும். அறிவியலார் லயத்துப் பின்புறத்தை நோக்கி இறங்கி வந்த அரிய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று என்பேன்.

ஆனால் மருந்து வந்த காலத்தில் பின்புறம் போய்க்கொண்டிருந்தது. சீபீல்ட் தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயா நகரமாயிற்று. 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் புசார் முதலிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தாவின் ஐந்து மாடி அடுக்கு வீடுகளுக்குச் சென்றன. மாடியில் பஞ்சாரம் கவிழ்க்க இடமேது? 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை அடுத்த கோம்பாக் பகுதியிலும், 2007இல் சுங்கை பூலோவிலும் பறவைக் காய்ச்சல் கம்பத்துக் கோழிகளிடையே தோன்ற, சுற்றுவட்டக் கோழிகளை அதிகாரிகள் அழித்தனர். எஞ்சியிருந்தோர் பலர்க்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

35 நாளில் இரண்டு கிலோ எடைக்கு வளரும் பண்ணைக் கோழியே இன்று நம் உலையில் வேகிறது. அதன் தீனியான சோளமும் சோயாவும் கப்பலில் வருகின்றன. 2022இல் தீனி விலை ஏறிக் கோழி தட்டுப்பட்டபோது, மாதத்திற்கு 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை மலேசிய அரசு ஜூன் முதல் நாளில் நிறுத்திற்று. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. கறையானையும் குறுணையையும் தின்று, நான்கைந்து மாதத்தில் ஒன்றரைக் கிலோ தேறிய லயத்துக் கோழிக்கு எந்தக் கப்பலும் தேவைப்பட்டதில்லை. வேண்டியிருந்தது அந்த ஆறேகால் சென்ட்.