புல் மகரந்த ஒவ்வாமை: காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

புற்கள் பூக்கும் பருவத்தில் காற்றில் பரவும் மகரந்தத்தால் சிலருக்குத் தொடர் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு ஆகியவை உண்டாகின்றன. இங்கிலாந்து மக்கள் இதை உலர்புல்லால் வரும் காய்ச்சல் என எண்ணி அவ்வாறே பெயரிட்டனர். உண்மையில் இதில் காய்ச்சலும் இல்லை, உலர்புல் காரணமும் இல்லை.

லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819-இல் தம்மை வாட்டிய இந்நோயையே விவரித்துக் கட்டுரை படித்தார். 1828-இல் வேறு சிலரது நிலையையும் ஆராய்ந்து, கோடை வெப்பமே காரணம் என்றார். புல்லைச் சந்தேகித்த பாமர மக்களே உண்மைக்கு அருகில் இருந்தனர் என்பது வியப்பு.

மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லியும் இந்நோயால் துன்புற்றவரே. புல் மகரந்தத்தைத் தம் மூக்கில் இட்டுப் பார்த்தார். கையைக் கீறி அதில் மகரந்தத்தை வைத்தபோது அவ்விடம் தடித்து வீங்கியது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி உயரே அனுப்பி, அங்கும் மகரந்தம் இருப்பதைக் கண்டார். இவற்றை 1873-இல் நூலாக வெளியிட்டார்.

ஆனால் அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றவர்களுக்கு ஏன் தும்மல் வருவதில்லை? ஹாம்பர்க் நகர வில்லியம் டன்பார், மகரந்தத்தில் நச்சு உண்டு என்றார். நச்சென்றால் எல்லோரையும் அல்லவா தாக்க வேண்டும்!

இதற்கு விடை காண வழிகாட்டியது மீன் ஒவ்வாமை. டன்பாரிடம் பணியாற்றிய கார்ல் பிராஸ்னிட்சுக்குப் புல் மகரந்தம் ஒவ்வாது. அவருடைய நண்பர் ஹைன்ஸ் குஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. குஸ்ட்னரின் இரத்த நீரைப் பிராஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஊசி மூலம் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தது. தோலின் பிற இடங்களில் ஒன்றும் நேரவில்லை. ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் நோயாளியின் இரத்தத்திலேயே இருப்பதை 1921-இல் வெளியான இவ்வாய்வு காட்டியது. மகரந்தத்தைக் கொண்டு இதே சோதனையை மறுதலையாகச் செய்தபோது வெற்றி கிட்டவில்லை. பின்னர் பிறர் அதையும் செய்து காட்டினர்.

அப்பொருள் எதுவென அறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதியர் அது ஒரு புதுவகை எதிர்ப்பொருள் எனக் காட்டினர். சுவீடனில் யோகான்சன், பென்னிக் ஆகியோர் தனியே கண்டதும் இதுவே. 1968-இல் இதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ எனப் பெயரிடப்பட்டது.

செயல்முறை இதுதான்: ஒவ்வாமை இயல்புள்ளவரின் உடல், புல் மகரந்தப் புரதத்தைப் பகையாகக் கருதி இந்த எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அது மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அப்போது நோய்க்குறி எதுவும் தோன்றாது. மீண்டும் மகரந்தம் வந்து அருகருகே உள்ள எதிர்ப்பொருள்களை இணைத்ததும் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. சில நிமிடங்களில் நரம்புகள் தூண்டப்பட்டுத் தும்மலும் அரிப்பும், இரத்த நுண்குழாய்களில் நீர் கசிந்து வீக்கமும் உண்டாகின்றன. சில மணி நேரத்தில் ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் திரள்வதால் மூக்கடைப்பு நீடிக்கிறது.

லண்டனில் லியோனார்ட் நூன் 1911-லேயே திமோத்திப் புல்லின் மகரந்தச் சாற்றைச் சிறுசிறு அளவில் ஊசியிட்டு நோயாளிகளைப் பழக்கினார். அவரும் மகரந்த நச்சை நம்பியவரே. காரணம் தவறு, சிகிச்சை பலித்தது. மகரந்தத்தை மறிக்கும் வேறு வகை எதிர்ப்பொருளும், நோயெதிர்ப்பை அடக்கும் டி செல்களும் அதனால் பெருகுகின்றன என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. நூன் 1913-இல் காசநோயால் இறந்துவிட்டார்.