தூதருக்கு மட்டும் கிடைத்த அனுமதி: ஹுக்காவும் நானூறு வருட விதிவிலக்கும்

வழக்கம்போல திருப்பரங்குன்றத்தில் இருந்து பேசுறேன். தெருச் சத்தம் கொஞ்சம் பதிவில் விழலாம், பொறுத்துக்கங்க.

அமெரிக்காவில் இருக்கிற நேயர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கலிஃபோர்னியாவில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. மென்தால், பழவாசனை மாதிரி மணம் சேர்த்த புகையிலைப் பொருட்களைக் கடையில் விற்கக் கூடாது. 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை உறுதி செய்தார்கள். ஆனால் ஹுக்காப் புகையிலைக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. ‘இது எங்கள் பண்பாடு’ என்பது ஹுக்கா தரப்பின் முக்கியமான வாதம். மென்தால் சிகரெட்டைத் தலைமுறைகளாகப் பிடித்துவந்த கறுப்பின மக்களுக்கு அந்த விலக்கு இல்லை. நேயர் கேட்கிறார்: “பண்பாடுன்னு சொன்னா விட்டுடலாமா சார்?”

இந்தக் கேள்விக்கு நானூறு வயசு ஆகுது.

புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 1604 வாக்கில் ஆசாத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரில் இருந்து புகையிலையும், கல் பதித்த ஒரு குழாயும் வாங்கிவந்து அக்பர் முன்னால் வைத்தார். அக்பர் ஓரிரு இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தார். ஆனாலும் அரசவைப் பிரபுக்களிடம் பழக்கம் பரவிவிட்டது.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் புகையிலைக்குத் தடை போட்டார். தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். பாரசீகத்தின் ஷா அப்பாஸும் அதே மாதிரி தடை போட்டிருந்தார். இங்கேதான் கதை சுவாரசியமாகுது. ஜஹாங்கீரின் தூதராகப் பாரசீகம் போன கான் ஆலமுக்குப் புகையில்லாமல் ஒரு நாழிகை ஓடாது. அவருக்காக ஷாவிடம் விண்ணப்பம் போனது. அனுமதி கிடைத்தது. தடை ஊருக்கு, விலக்கு தூதருக்கு. நான் படித்த வரையில் புகையிலைத் தடைக்குக் கிடைத்த மிகப் பழைய விதிவிலக்குகளில் இது ஒன்று. அந்த விலக்குக்கும் உடல்நலத்துக்கும் சம்பந்தமே இல்லை. யாருடைய மனு அரசன் காதுக்குப் போச்சு என்பதுதான் விஷயம்.

இனி நம்ம காலத்துக்கு வருவோம். மும்பை மாநகராட்சி உணவக உரிமங்களில் ஒரு நிபந்தனை வைத்தது: புகைபிடிக்க ஒதுக்கிய இடத்தில்கூட ஹுக்கா கூடாது. உணவகக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மத்திய விதி அனுமதித்ததை மாநகராட்சி கூடுதல் நிபந்தனையால் தடுக்க முடியாது என்று 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஹுக்கா தப்பியது. 2017-ல் மத்திய அரசு விதியையே திருத்தி, புகைபிடிக்கும் இடத்தில் எந்தச் சேவையும் கூடாது என்றது. பிறகு குஜராத், மகாராஷ்டிரா, பஞ்சாப் என மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் போட்டன. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் ஹுக்கா பார்களுக்குத் தடை போட்டது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. விலக்கு எதுவும் இல்லை. ‘எங்க பாட்டன் காலத்துப் பழக்கம்’ என்று ஹுக்காவுக்காக இங்கே மனு கொடுக்கப் பெரிய கூட்டம் இல்லை, பாருங்க.

பீடியின் கதை வேறு. அதைச் சுருட்டி லட்சக்கணக்கான பெண்கள் வீட்டில் அடுப்பு எரியுது. அதனால் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்குப் போட்ட கூடுதல் செஸ் பீடிக்குப் போடப்படவில்லை. அந்தப் பெண்களின் பிழைப்பை நான் குறைத்துப் பேசலை. ஆனால் நுரையீரலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஹுக்காவும் அப்படித்தான். தண்ணீர் வடிகட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு மணி நேரம் ஹுக்கா இழுத்தால், ஒரு சிகரெட்டில் உள்ளே போகும் புகையைப்போல 100 முதல் 200 மடங்கு போகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே சொல்லிவிட்டது.

‘மரபு’ என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் தெரியுமா? வெளியூர்ச் செடியான புகையிலையைப் பழனி முருகனிடமே தூது அனுப்பி ஒரு சிற்றிலக்கியம் தமிழில் உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’. உ.வே.சா. பதிப்பித்தார்.

எங்க அப்பத்தாவும் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை அடக்கிக்கொள்ளும். நாங்க சத்தம் போட்டால், “எங்க ஆத்தா போட்டுச்சு, நான் போடுறேன், போடா”ன்னு சிரிக்கும். வீட்டில் அதுக்கு மட்டும் விலக்கு. யார் மனு போட்டதுன்னு கேட்டால், நாங்கதான். கிழவி மனசு கோணக் கூடாது என்று கடைக்குப் போய் வாங்கிவந்தவனே நான்தான். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் வந்து, கடைசி நாலு மாசம் கஞ்சிகூட இறங்கலை.

அதனால் நேயருக்கு என் பதில்: பண்பாட்டை மதிக்கணும், சரி. ஆனால் விலக்கு கொடுக்கும்போது, அதனால் யாருக்கு லாபம், யார் உடம்பில் அது போய் இறங்குது என்று இரண்டையும் கேளுங்க. கான் ஆலமுக்கு அனுமதி கொடுத்த அன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியலை. எங்க வீட்டிலும் கேட்கலை.

அடுத்த வாரம் பார்ப்போம்.