சலாபமும் கிஸ்தியும்: நிலையற்ற வருவாயும் மாநிலத்தின் நீண்டகால நிதித்திட்டமும்

மாநில நிதி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பற்றாக்குறையின் அளவைச் சுற்றியே நடக்கின்றன. வருவாய் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுகிறது, எப்போது வற்றுகிறது என்பது அதைவிட அடிப்படையான கேள்வி. நிலையற்ற வருவாயை மாறாத தொகையாக்கிக்கொள்ள அரசுகள் எப்போதுமே வழி தேடி வந்திருக்கின்றன. ஏற்ற இறக்கத்தின் சுமையை வேறொருவர் தலையில் ஏற்றுவதே பெரும்பாலும் அவை கண்ட வழி. அந்த வழி நிலைக்காது என்பதற்கு மன்னார் வளைகுடாவின் முத்துக்கரைகளும், தூத்துக்குடிக்கு உள்நாட்டில் கிடக்கும் பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலும் சான்று தருகின்றன.

1792 உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. பாஞ்சாலங்குறிச்சி அமைந்த ஓட்டப்பிடாரம் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி பூமி. விளைச்சல் மழைக்கேற்ப மாறும். கம்பெனி கேட்ட கிஸ்தியோ, அதாவது தவணைக் கப்பமோ, மாறாது. 1798இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 3,310 வராகன் பாக்கி வைத்திருந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. பின்னர் சரிபார்த்தபோது நிலுவை 1,080 வராகன்தான். கலெக்டர் ஜாக்சன் இராமநாதபுரத்தில் அவரைச் சந்தித்தபோது நடந்துகொண்ட முறையும், ஆட்சியுரிமை யாருடையது என்ற கேள்வியும் 1799இல் மூண்ட போருக்குக் காரணமாயின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிதி வரலாற்றை ஆராய்பவர் இன்னொன்றையும் காண வேண்டும். மழையின் இடரைக் கம்பெனியின் கணக்கு ஏற்கவில்லை. பாளையத்தின் மீதே முழுவதுமாகச் சுமத்தியது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

ஆங்கிலேய அரசுக்குக் கடலிலிருந்து வந்த வருவாய் வேறு இயல்புடையது. தூத்துக்குடியில் 1822இலும் 1830இலும் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. அடுத்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 1860 முதல் 1862 வரை. பிறகு 1889 வரை ஒன்றுமில்லை. முத்துச்சிப்பிக் குஞ்சுகள் கடலடிப் பார்களில் கோடிக்கணக்கில் ஒட்டும். மணல் மூடியோ மீன்கள் தின்றோ ஒரே பருவத்தில் காணாமலும் போகும். குளித்தெடுக்கத் தகுந்த பருவத்தை எட்ட அவற்றுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். ஆகவே அதிகாரிகள் பார்களை ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து தேறும் என்று கணித்த பின்னரே சலாபத்தை அறிவித்தார்கள். வருவாயை அதன் உயிரியல் சுழற்சியோடு சேர்த்து மதிப்பிட்ட இந்த முறையை, முன்மதிப்பீட்டுக் கலையின் தேர்ந்த உதாரணம் என்றே சொல்வேன். இன்றைய நிதித் துறைகளுக்கும் இது பாடமாகும். இதே கரையில் சங்கு குளிப்பு ஒப்பளவில் சீராக நடந்து, வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே கடலில் விளைந்தாலும், நிலையான வருவாயும் எப்போதோ வரும் வருவாயும் கணக்கில் ஒன்றாகிவிடா.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் இலங்கை அரசு இந்த வேறுபாட்டை மறந்தது. 1891க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த சலாபம், 1905இல் ஏறத்தாழ 25 லட்சம் ரூபாயை ஈட்டித் தந்தது. அந்த உச்சத்தின் மயக்கத்திலேயே, 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகப் பார்கள் ஒரு தனியார் கம்பெனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் குளிப்பதற்குச் சிப்பி இல்லை. 1912இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இடரை விற்றுவிட்டதாக அரசு நம்பியது. வாங்கியவர் நொடித்ததும் அந்த இடர் அரசிடமே திரும்பி வந்தது.

இடரைப் பிறரிடம் ஒப்படைக்கும் மூன்றாவது வழி நம் காலத்தது. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, 2017 ஜூலை முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சி மாநிலங்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த உறுதியைக் காக்க ஒன்றிய அரசு கடன் வாங்க நேர்ந்தது. 2022 ஜூனில் ஏற்பாடு முடிந்தது. வரி விதிக்கும் உரிமையின் பெரும்பகுதியை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, ஐந்தாண்டுப் பாதுகாப்பை மட்டும் பெற்ற பரிமாற்றம் இது. மாநிலங்களுக்கு இது நியாயமாக அமையவில்லை என்பதே என் முடிவு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்து தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது, பிறரை நம்பிய பாதுகாப்பின் எல்லை மீண்டும் தெரிந்தது. மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி ரூபாய்.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு வைக்கிறது. அதன்கீழ் வரும் நடுத்தரக்கால நிதித்திட்டம் நிதிநிலை அறிக்கை ஆண்டுக்கு அப்பால் இரண்டு ஆண்டுகளையே பார்க்கிறது. சிப்பி முதிரும் காலத்தைவிடக் குறுகிய பார்வை இது. 2013-14இலிருந்து மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறையில் இருக்கிறது. அதற்கு முன் உபரி கண்ட ஆண்டுகளும் இருந்தன. அந்த உபரியில் ஒரு பகுதி வறண்ட ஆண்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், மாநில அரசின் 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கை சொன்ன கடன் சற்றேனும் குறைந்திருக்கும்.

கடனுக்கு வட்டி கட்டும் அரசு எப்படிச் சேமிக்க முடியும் என்ற மறுப்பு வலுவானது. குறைந்த வட்டிக்குப் பணத்தைப் போட்டுவைத்து அதிக வட்டிக்குக் கடன் வாங்குவது வீண்தான். ஆனால் எல்லா வருவாயிலும் சேமிக்கச் சொல்லவில்லை. ஒருமுறை மட்டுமே வரும் பணத்தை ஆண்டுச் செலவில் கரைக்காமல் பிரித்து வைத்தாலே போதும். சிலி நாடு செம்பு வருவாயில் இதைத்தான் செய்கிறது. செம்பின் நீண்டகால விலையை வல்லுநர் குழு ஒன்று கணிக்கிறது. செலவுக்கு அந்த விலைதான் அடிப்படை. நல்ல ஆண்டுகளில் மிஞ்சியது 2007இல் தொடங்கிய நிலைநிறுத்த நிதிக்குப் போனது. 2009 நெருக்கடியில் அந்நாடு அதிலிருந்தே செலவழித்தது. செம்புச் சுரங்கங்களில் ஒரு பகுதி அரசின் கையில் இருக்கும் நாட்டுக்கும், நிதி அதிகாரம் குறுகிய மாநிலத்துக்கும் வேறுபாடு உண்டு. அதனால் நிதியின் அளவு சிறிதாகலாம், விதி ஒன்றுதான்.

ஆகவே 2003 சட்டத்தில் மூன்று திருத்தங்கள் தேவை. ஒருமுறை வரவுகளை நிலையான வருவாயிலிருந்து பிரித்துக் காட்டும் பட்டியலும், பத்தாண்டு முன்மதிப்பீடும் நிதிநிலை அறிக்கையோடு பேரவையில் வைக்கப்பட வேண்டும். அந்த மதிப்பீட்டை நிதித் துறைக்கு வெளியிலிருந்து ஒரு குழு தயாரிக்க வேண்டும். ஒருமுறை வரவில் குறிப்பிட்ட பங்கு, பேரிடர் ஆண்டிலும் வருவாய் சரியும் ஆண்டிலும் மட்டுமே எடுக்கத்தக்க நிதிக்குச் செல்ல வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், சட்டமன்றம் இவற்றை அடுத்த நிதிநிலைக் கூட்டத்தொடரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.