பெண்களின் அகவை நிறைவு விழா

பெண்களின் அகவை நிறைவு விழா என்பது 50, 60, 75, 80 போன்ற குறிப்பிடத்தக்க வயதை ஒரு பெண் நிறைவு செய்யும்போது அவருடைய குடும்பத்தினரும் உறவினரும் எடுக்கும் பிறந்தநாள் விழா ஆகும். மேடை, உடை, அழைப்பிதழ், உணவு ஆகியவற்றை ஒரே பொருளைச் சுற்றி அழகுற அமைப்பது இவ்விழாவின் அண்மைக்கால வடிவம் ஆகும். அப்பொருள் கருப்பொருள் எனவும், பேச்சு வழக்கில் "தீம்" எனவும் அழைக்கப்படுகின்றது. நகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் 21-ஆம் நூற்றாண்டில் சிற்றூர்களுக்கும் பரவியுள்ளது. கருப்பொருளைத் தெரிவு செய்வதில் உள்ள சிக்கல்களை விளக்கப் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர்கள் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

சொற்பொருள்

கருப்பொருள் என்னும் சொல் இன்று ஆங்கிலச் சொல் ஒன்றின் பெயர்ப்பாகவே பலராலும் கருதப்படுகின்றது. ஆனால் அது தமிழ் அகப்பொருள் இலக்கணத்தின் பழைய கலைச்சொல் ஆகும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், மக்கள், பறவை, மரம், பூ, பறை, பண், தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு வருணன் தெய்வம், பரதவரும் நுளையரும் மக்கள், புன்னையும் ஞாழலும் மரங்கள், நெய்தலும் தாழையும் பூக்கள், மீன்கோட்பறை பறை, செவ்வழி பண், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் தொழில்.

எனவே ஒரு விழாவுக்குக் கருப்பொருள் தெரிவு செய்வது என்பது, சொல்லின் பழைய பொருளில், அவ்விடத்துக்கு உரிய பொருட்களைத் தொகுப்பதே ஆகும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதை மட்டும் விழா எடுப்போர் விட்டுவிடலாம்.

தமிழ் மரபில் பெண்ணின் வயது

தமிழ் இலக்கண, சிற்றிலக்கிய மரபு பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி பேதைப் பருவம் 5 வயதில் தொடங்குகின்றது; பேரிளம்பெண் பருவம் 40 வயதில் முடிவடைகின்றது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு இப்பகுப்பில் பெயர் இல்லை.

சடங்குகளும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்துள்ளன. பூப்பு நீராட்டு, திருமணம், வளைகாப்பு ஆகியவை பெண்ணை நடுவில் வைத்துச் செய்யப்படுபவை. அவை யாவும் இளம் வயதோடு முடிந்துவிடுகின்றன. முதுமைக்குரிய சடங்குகள் கணவரின் வயதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. கணவர் 60 வயதை நிறைவு செய்யும்போது செய்யப்படும் சஷ்டியப்தபூர்த்தி (அறுபதாம் கல்யாணம்), 70 வயதில் செய்யப்படும் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்யப்படும் சதாபிஷேகம் ஆகியவற்றில் மனைவி உடன் அமர்கின்றார். மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயில் இச்சடங்குகளுக்குப் பெயர் பெற்ற தலமாகும். மார்க்கண்டேயனுக்காக இறைவன் யமனைத் தடுத்த கதை இத்தலத்தோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது.

மனைவி பெரும்பாலும் கணவரைவிட வயதில் இளையவர் ஆதலால், அறுபதாம் கல்யாணத்தின்போது அவருக்கு அறுபது ஆகியிருப்பதில்லை. பின்னர் அவருடைய அறுபது வரும்போது அதற்கெனச் சடங்கு எதுவும் இல்லை. கணவரை இழந்த பெண்ணுக்கோ இவற்றுள் எதிலும் இடமில்லை. கடல் தொழிலில் ஆண்கள் இறக்கும் ஆபத்து மிகுந்த கடற்கரை ஊர்களில் இது சிறிய குறை அன்று. பிறந்தநாள் விழாவின் உண்மையான புதுமை அதன் அலங்காரத்தில் இல்லை. கணவர் இருக்கிறாரா, அவருக்கு என்ன வயது என்று கேளாமல் பெண்ணின் சொந்த வயதை எண்ணுவதில்தான் உள்ளது.

அகவையைக் கணித்தல்

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆகும். ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் 60 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வருவதே அறுபதின் சிறப்புக்குக் காரணம். எடுத்துக்காட்டாக, 1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு, 2026 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டு மீண்டும் பராபவ ஆகும். சூரியனைச் சுற்றி வர வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. இவ்விரு சுற்றுகளும் ஒன்றாக முடியும் காலமும் 60 ஆண்டுகளே. ஆயிரம் பிறை என்பது 29.53 நாட்கள் கொண்ட ஆயிரம் திங்கள் மாதங்கள், அதாவது 81 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும்.

மரபுப்படி பிறந்தநாள் தமிழ் மாதத்தையும் பிறந்த நட்சத்திரத்தையும் கொண்டு பார்க்கப்படுவதால், ஆங்கில நாளோடு அது பெரும்பாலும் ஒத்து வருவதில்லை. மூத்த பெண்கள் பலருக்கு இரண்டுமே உறுதியாகத் தெரிவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டில் பிறந்த பெண் குழந்தைகளுள் பலரது பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. இத்தகையோரின் வயது ஒரு புயலையோ, வெள்ளத்தையோ, உடன்பிறந்தாரின் வயதையோ கொண்டு கணிக்கப்படுவது வழக்கம். விழா எடுக்கும் குடும்பம் முதலில் ஒரு நாளை முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது. அடையாள அட்டையில் உள்ள நாளை அப்படியே ஏற்பதைவிட, உரியவரையே கேட்டுத் தமிழ் மாதத்தை அறிவது பொருத்தமானது.

பிற பண்பாடுகளில்

சப்பானில் 60 வயது நிறைவு "கன்ரெக்கி" எனப்படுகின்றது. சுழற்சி முடிந்து மீண்டும் குழந்தையாகப் பிறப்பதாகக் கொள்வதால், அன்று சிவப்பு நிறக் கையில்லா மேற்சட்டையும் சிவப்புத் தொப்பியும் அணிவிக்கின்றனர். 70, 77 வயதுகளுக்கு ஊதா நிறமும், 88 வயதுக்குப் பொன் அல்லது மஞ்சள் நிறமும் உரியவை. கொரியாவில் இதே அறுபது "வான்காப்" எனப்படுகின்றது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பெண்ணின் 15-ஆம் பிறந்தநாளும், பிலிப்பைன்சில் 18-ஆம் பிறந்தநாளும் பெருவிழாக்களாகும். பிலிப்பைன்சில் 18 ஆண்கள் ரோசா மலரோடும், 18 பெண்கள் மெழுகுவர்த்தியோடும் வருவது வழக்கம்.

தமிழில் விழாக்களின் பெயர்களே கருப்பொருளைத் தருவது குறிப்பிடத்தக்கது. 50 ஆண்டுக்குப் பொன்விழா, 60-க்கு மணிவிழா, 75-க்குப் பவளவிழா, 80-க்கு முத்துவிழா என்பன வழங்குகின்றன. இவற்றுள் பவளமும் முத்தும் கடல் தருபவை.

பழவேற்காட்டில்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. சிறீஅரிக்கோட்டாத் தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கின்றது. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்அவுஸ்குப்பம் முதலியன இங்குள்ள மீனவர் ஊர்களாகும். இந்து, கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்கள் அருகருகே வாழ்வதால், விழாவின் தொடக்கம் குத்துவிளக்கா, செபமா, துஆவா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

இங்கே கருப்பொருளாகத் தக்கவற்றுள் முதலாவது துணி ஆகும். ஒல்லாந்தர் 1613-இல் இங்குக் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கித் தென்கிழக்காசியாவில் வாசனைப் பொருட்களுக்கு மாற்றுவது அவர்களின் வணிகமாயிருந்தது. கட்டம் போட்ட பருத்தித் துணி இவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலி இன்றும் "காயின் பெலிக்காட்" எனப்படுகின்றது. பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் ஐரோப்பிய வடிவமான புலிக்காட் என்பதன் திரிபு. இந்தோனேசியா வரை சென்ற இத்துணியின் பெயர் சொந்த ஊரில் பெரும்பாலும் மறந்துபோயிற்று. கட்டம் போட்ட பருத்திச் சேலையும், அதே துணியில் மேசை விரிப்பும் மேடைத் திரையும் அமைந்தால் அது செலவு குறைந்த, வேறெங்கும் இரவல் வாங்காத கருப்பொருள் ஆகும்.

இரண்டாவது பனையோலை. பழவேற்காட்டு இசுலாமியப் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி, தட்டு முதலியவற்றைச் சாயமிட்ட ஓலைகள் கலந்து முடைகின்றனர். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் "பறி" எனப்படும் ஓலைக்கூடையைப் பயன்படுத்துகின்றனர். தாம்பூலப் பையின் இடத்தில் சிறு ஓலைப்பெட்டி கொடுத்தால், விழாவின் செலவில் ஒரு பகுதி ஊர்ப் பெண்களுக்கே சேரும்.

மூன்றாவது பூநாரை. இளஞ்சிவப்புப் பூநாரை உலகெங்கும் விருந்து அலங்காரக் கடைகளில் விற்கப்படும் உருவம் ஆகும். 1957-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் டான் ஃபெதர்சுடோன் வடிவமைத்த நெகிழித் தோட்டப் பொம்மையே அதன் புகழுக்குப் பெரிதும் காரணமாயிற்று. பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் பெரும் பூநாரையின் உடலோ வெளிறிய வெண்மை நிறமுடையது. சிறகை விரிக்கும்போதே சிவப்பும் கருமையும் தெரியும். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவரின் விழாவில் பொம்மைக் கடையின் அழுத்தமான இளஞ்சிவப்பு நிறத்தை வைத்தால் அவர் பேரப்பிள்ளைகளைத் திருத்தக்கூடும். வெண்மை கலந்த மென்சிவப்பும், ஓரத்தில் செம்மையும் கருமையும் கொண்ட சேலையே உண்மையான பறவைக்கு நெருக்கமானது.

தவிர்க்கத் தக்கவை

அயல்நாட்டு அலங்கார நூல்கள் பரிந்துரைக்கும் கடல்சார் கருப்பொருளில் வலையும் நங்கூரமும் தொங்கவிடப்படுகின்றன. வலையைத் தொழிலாக அறியாதவருக்கு அது அழகு. நாற்பது ஆண்டுகள் மீன்கூடை சுமந்த பெண்ணுக்கு, தம் ஒரு நாள் ஓய்விலும் வலையின் முன் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள விருப்பம் உண்டா என்பதைக் கேட்டறிவது நல்லது. கடலில் உறவினரை இழந்த வீடுகளில் படகு உருவமும் இவ்வாறே.

நிறத்திலும் கவனம் தேவை. 1966 நவம்பர் 28 அன்று எழுத்தாளர் துரூமன் கபோட்டி நியூயார்க்கில் நடத்திய கருப்பு வெள்ளை நடன விருந்து, ஒரு நிறத் தொகுதியையே கருப்பொருளாகக் கொண்ட விருந்துகளுக்கு முன்மாதிரியாகப் புகழ் பெற்றது. தமிழர் மங்கல நிகழ்ச்சிகளில் கருப்பு பொதுவாக விலக்கப்படுகின்றது. முழு வெள்ளைச் சேலையோ இந்துக் குடும்பங்களில் கைம்மையின் பழைய அடையாளம் ஆகும். கணவரை இழந்த ஒருவரின் அறுபதில் "அனைவரும் வெள்ளை" என்று அழைப்பிதழில் அச்சிடுவது, அவ்விழா எதிலிருந்து அவரை வெளியே கொண்டுவர முயல்கின்றதோ அதிலேயே மீண்டும் நிறுத்திவிடும். மாறாக அவருக்குப் பூவும் வண்ணச் சேலையும் தருவதற்கு உறவினர் கூச்சமின்றி முன்வரும் வாய்ப்பாகவும் கருப்பொருள் அமையலாம். அனைவரும் பவள நிறம் என்று முடிவானால் அவருக்கு மட்டும் வேறு நிறம் என்ற பேச்சு எழாது.

மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதை மங்கலக் குறைவாகக் கருதும் வீடுகளில், கேக் வெட்டுவதற்கு முன் விளக்கேற்றுவது வழக்கமாகியுள்ளது. "வாழ்க்கைப் படங்கள்" என்னும் கருப்பொருளும் பரவலாக உள்ளது. எனினும் மூத்த பெண்கள் பலருக்குத் திருமணப் படமே முதற்படமாக இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. குழந்தைப் பருவப் படம் இல்லாத இடத்தில், பிறந்த ஊரின் கோயில், தேவாலயம், கரை ஆகியவற்றின் படங்களை வைக்கலாம். 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா திருத்தலம் இவ்வூர்க் கிறித்தவப் பெண்களின் நினைவில் நீங்காத இடம்.

காலமும் இடமும்

ஏரியில் மீன்பிடிக்கும் ஊர்களில் "பாடு" எனப்படும் முறை உள்ளது. வலை விடும் இடமும் நாளும் உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறை வைத்து வருகின்றன. தம் முறை வரும் நாளைத் தொழிலுக்கு விட்டு, வேறு நாளில் விழா வைப்பதே இயல்பு. கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உள்ளது. அக்காலத்தில் ஆட்கள் ஊரில் இருப்பர். கையில் பணம் குறைவாக இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். பூநாரைகளும் இதமான வெயிலும் சேர்ந்து கிடைப்பவை சனவரி, பிப்ரவரி மாதங்கள்.

திறந்தவெளியில் கடற்காற்று மெல்லிய திரைகளைக் கிழிக்கும். பலூன் வளைவுகளை நிலைக்க விடாது. மேலும் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. 2022 சூலை 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையில் பலூன் குச்சி, அலங்காரத் தெர்மாக்கோல், நெகிழித் தட்டு, குவளை, 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகை ஆகியவை அடங்கும். மேடையில் பெயரும் வயதும் எழுதப் பலரும் நாடும் தெர்மாக்கோல் எழுத்துகளும் இத்தடைக்கு உட்பட்டவை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமணப் பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பின், சாலையோரப் பதாகைகளுக்கு எதிரான கண்டனம் வலுத்தது. ஏரி பறவைகள் புகலிடம் ஆதலால் கரையில் வெடி வெடிப்பதும் பொருந்தாது. ஓலைப்பாயில் தைத்த துணி எழுத்துகள் காற்றுக்கு நிற்கும். விழா முடிந்தபின் பாயை வீட்டில் விரித்துக்கொள்ளலாம்.