பீட்டர் மேக்லர் விருதும் திசைநாயகமும்

துணிவும் அறமும் கொண்ட இதழியலுக்கான பீட்டர் மேக்லர் விருது, இதழியல் அறத்தைப் போற்ற ஏற்படுத்தப்பட்ட பன்னாட்டு விருதுகளுள் ஒன்றாகும். இதனை முதன்முதலில் பெற்றவர் இலங்கைத் தமிழ் இதழாளர் ஜெயப்பிரகாஷ் சிற்றம்பலம் திசைநாயகம். 2009ஆம் ஆண்டில் இவ்விருது அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் கொழும்பில் சிறைக்கைதியாக இருந்தார்.

விருதின் தோற்றம்

பீட்டர் மேக்லர் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றிய அமெரிக்க இதழாளர். இதழாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக குளோபல் மீடியா ஃபோரம் என்ற அமைப்பை நிறுவினார். 2008 ஜூன் மாதம் அவர் காலமானார். அவர் நினைவாக அந்த அமைப்பும், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் அமெரிக்கக் கிளையும் இணைந்து இவ்விருதை ஏற்படுத்தின.

விருதின் பெயரில் துணிவு, அறம் என்னும் இரு சொற்களும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன. ஆபத்தான சூழலில் எழுதுவது துணிவு. எழுதுவதைச் சரிபார்த்து, எத்தரப்புக்கும் அஞ்சாமலும் சாயாமலும் எழுதுவது அறம். துணிவு இருந்து அறம் இல்லையெனில் எழுத்து வெறும் பரப்புரையாகிவிடும். அறம் இருந்து துணிவு இல்லையெனில் உண்மை அச்சேறாது.

கைதும் தண்டனையும்

திசைநாயகம் கொழும்பின் சண்டே டைம்ஸ் இதழில் ஆங்கிலத்தில் பத்தி எழுதி வந்தார். நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி என்ற மாத இதழின் ஆசிரியராகவும் இருந்தார். கிழக்கு மாகாணத்தில் நடந்த போரில் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பங்களை 2006, 2007ஆம் ஆண்டுகளில் அவ்விதழில் எழுதினார்.

2008 மார்ச் 7 அன்று பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினர் அவரைக் கைது செய்தனர். கைதான அச்சக உரிமையாளரைப் பற்றி விசாரிக்கச் சென்ற இடத்திலேயே அவரும் பிடித்து வைக்கப்பட்டார். ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கும் மேலாகக் குற்றச்சாட்டு ஏதும் பதிவு செய்யப்படவில்லை. பின்னர் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. எழுத்தால் இனங்களிடையே பகைமை மூட்ட முயன்றார் என்பதும், இதழ் நடத்த நிதி திரட்டினார் என்பதும் குற்றச்சாட்டுகள். 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுகள் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது.

ஒரே எழுத்தைத்தான் நீதிமன்றம் குற்றம் என்றது. விருதுக்குழு அறம் என்று போற்றியது. போர்க்காலத்தில் ஒரு தரப்பின் துன்பத்தைப் பதிவு செய்வதே பகைமை மூட்டுவதாகுமா என்பது இவ்வழக்கு எழுப்பிய அடிப்படைக் கேள்வியாகும்.

அக்காலச் சூழல்

இலங்கையில் இத்தகைய நெருக்கடி தமிழ் இதழாளர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டார். அவர் சிங்களவர். அவ்வாண்டு யுனெஸ்கோவின் கியெர்மோ கானோ உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பரிசு, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

விடுதலை

2009இல் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி வெளியிட்ட செய்தியில், அமெரிக்க அதிபர் ஒபாமா திசைநாயகத்தின் பெயரைக் குறிப்பிட்டார். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவும் அதே ஆண்டு தன் பன்னாட்டு விருதை அவருக்கு அளித்தது. 2010 ஜனவரியில் அவர் பிணையில் வெளிவந்தார். 2010 மே 3 அன்று, அதிபர் மகிந்த ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நீமன் நல்கையைப் பெற்றார்.

மன்னிப்பு என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது. விருதுகளால் அத்தீர்ப்பைப் பெற்றுத்தர இயலவில்லை. எனினும், சிறையில் இருந்தவரின் பெயரை உலகம் மறந்துவிடாமல் காத்ததில் அவற்றுக்குப் பங்குண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் ராம்நாத் கோயங்கா பெயரிலான இதழியல் விருதுகள் 2006 முதல் வழங்கப்படுகின்றன. நெருக்கடிநிலைத் தணிக்கையை எதிர்த்து, 1975இல் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்ட இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழின் அதிபர் அவர். தமிழக அரசு கலைஞர் எழுதுகோல் விருதை ஏற்படுத்தி, ரூ. 5 லட்சமும் பாராட்டுச் சான்றிதழும் வழங்கி வருகிறது. அரசு தரும் விருதுக்கும் அரசால் தண்டிக்கப்பட்டவருக்குக் கிடைத்த விருதுக்கும் வேறுபாடு உண்டு. விருது எதுவாயினும், அதை வழங்குபவர் யார், எந்தச் சூழலில் எழுதிய எழுத்துக்கு வழங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.